நாலாவது பிள்ளைக்குப் பிலோமினாவின் கையெழுத்து

லைப்ரரி மிஸ், பிள்ளையைச் சேர்க்கிற பாரத்தை என் பக்கம் திருப்பி வைத்தாள். பேனாவின் பின்முனையால் என் கையெழுத்தை இரண்டு தரம் தட்டினாள்.

"அம்மா, இது செல்லாது."

என் கையெழுத்து செல்லாது என்று என் காதால் கேட்டது அன்றுதான். வெள்ளிக்கிழமை, மூன்றரை மணி இருக்கும். வெளியே மழை. பதுளை பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து டீசல் மணமும் வடை மணமும் ஈரத்தோடு உள்ளே வந்துகொண்டிருந்தன. என் குடையிலிருந்து தண்ணீர் சொட்டி, கவுண்டருக்கு முன்னால் சின்னக் குளமாக நின்றது.

"ஏன் மகள்? கோணலா இருக்கா? பேனாவக் குடு, இன்னொரு தரம் அழகாப் போட்டுத் தர்றேன்."

"எழுத்துல ஒண்ணும் இல்லம்மா. உங்க பேர்ல ஏற்கனவே மூணு பிள்ளைக இருக்காங்க. ஒரு ஆள் மூணு பேருக்குத்தான் பொறுப்பு நிக்கலாம்."

எனக்கு வயிற்றில் பிள்ளை தங்கவில்லை. உனக்கு மூன்று பிள்ளைகள் என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னதும் அன்றுதான். வேறொரு நாளாக இருந்தால் அதை நினைத்தே வீடு வரைக்கும் நடந்திருப்பேன்.

பக்கத்தில் தர்ஷினி நின்றாள். வெள்ளைச் சீருடை, முதுகில் தன்னைவிடப் பெரிய பை. அவள் மிஸ்ஸைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அடுத்த நாள் சனிக்கிழமை. லைப்ரரியில் ஐந்தாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் பிள்ளைகளுக்கு இலவச வகுப்புத் தொடங்குகிறது. கார்ட் உள்ள பிள்ளைக்குத்தான் இடம். லிஸ்டை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள்.

கார்ட் இந்தா, கையிலேயே இருக்கிற மாதிரி என்று நான்தான் ஒரு கிழமையாக அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பெருமை

இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் சோலைவரியைப் பற்றிச் சொல்லவேண்டும். டவுனுக்குள் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் மாநகர சபைக்குக் கட்டுகிற வரி அது. கட்டினால் ஒரு துண்டு தருவார்கள். லைப்ரரியில் ஒரு பிள்ளையைச் சேர்க்க வேண்டுமானால், அந்தத் துண்டு வைத்திருக்கிற ஒருவர் பொறுப்பாளியாகக் கையெழுத்துப் போடவேண்டும்.

நானும் என் வீட்டுக்காரரும் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் வேலையிலிருந்து பெயர் வெட்டிக்கொண்டு இறங்கியபோது, இருவருடைய ஈபிஎப் சேமிப்புப் பணத்தையும் என் கழுத்தில் கிடந்ததையும் சேர்த்து, டவுன் ஓரத்தில் இரண்டு அறை வீடொன்று வாங்கினோம். தகரக் கூரை. மழை பெய்தால் பேசுவது கேட்காது. ஆனால் சொந்தம். அவர் போய்ச் சேர்ந்த பிறகு முன்னறையை வாடகைக்கு விட்டேன்.

எங்கள் சந்தில் அப்போது மற்ற எல்லோரும் வாடகைக்காரர்கள். பசறைப் பக்கம், பூனாகலைப் பக்கம் என்று தோட்டங்களிலிருந்து பிள்ளையை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவென்றே இறங்கி வந்தவர்கள். என் முன்னறையில் இருக்கிற கலாவும் அப்படித்தான். தர்ஷினியின் அம்மா. பூனாகலையில் தாய் தகப்பனை விட்டுவிட்டு வந்து, துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை செய்கிறாள். புருஷன் ஹாட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை தூக்குகிறான். எல்லாம் அந்த ஒரு பிள்ளையின் படிப்புக்கு.

நான் சொல்லச் சொல்ல, பத்திரிகைக்கு இந்தத் தொடரை எழுதித் தருகிறவளும் கலாதான். இந்த இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டு, "எங்க கதையெல்லாம் எதுக்கும்மா?" என்கிறாள். எழுது என்றேன்.

சந்துப் பெண்கள் பாரத்தைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குத்தான் வருவார்கள். கார்ட் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், வருஷத்துக்கு ஒன்றிரண்டு பிள்ளைதான் சேரும். நான் உடனே போட்டுவிட மாட்டேன். உட்காரச் சொல்வேன், பிளேன்டீ ஊற்றுவேன். அலமாரியில் சேலைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுப்பேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாரத்தின் முன்பக்கத்தைப் பார்ப்பேன், திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பேன். அவர்கள் மூச்சு விடாமல் இருப்பார்கள்.

முன்பக்கத்துப் பெரிய எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி வாசித்துவிடுவேன். பின்பக்கத்துப் பொடி எழுத்துகள் கொழுந்து இலையில் பூச்சி அரித்த மாதிரி இருக்கும். அதையும் பார்க்க வேண்டிய நேரம் வரைக்கும் பார்த்துவிட்டு, ம், சரி என்பேன்.

கலா நிமிர்ந்து பார்த்தாள். இதையும் எழுது என்றேன்.

ஊதா மை

தோட்டத்தில் நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். தம்பி தங்கைகளைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. பிறகு தேயிலைக் கொழுந்துக் கூடை வந்துவிட்டது.

பிலோமினா அப்படியில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா அவர்களுடையது. அவளுடைய அப்பா மாதா கோயிலில் மணி அடிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் சுவாமியார் வந்து பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கும்போதே எழுத்தும் சொல்லிக்கொடுத்துவிட்டார். நான் சாமி கும்பிட்ட கோயிலில் பொங்கல் தந்தார்கள், எழுத்துத் தரவில்லை.

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் நோட்டீஸ் ஏதும் ஒட்டியிருந்து, கணக்கப்பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருந்தால், அவர் "பிலோமினா, நீ வாசி" என்பார். அவள் கூடையைத் தலையிலிருந்து எடுக்காமலே முன்னால் போய் நின்று வாசிப்பாள். பனிக்குள் அவள் குரல் மட்டும் கணீரென்று வரும். அன்றைக்கு முழுவதும் எனக்குக் கொழுந்து நிறை குறையும். கை வேலை செய்யும், மனம் வேலை செய்யாது.

என் கையெழுத்தை நானாகத்தான் கற்றேன். ரொட்டிக்கு மா பிசைகிற பலகையில் மாவைத் தூவி, விரலால் ரா போடுவேன், பிறகு ச. வீட்டுக்காரர் வேலையால் வந்து, "ரொட்டி எங்க?" என்று கேட்கிற வரைக்கும் ராசம்மா, ராசம்மா என்று எழுதி எழுதி அழித்திருக்கிறேன்.

ஈபிஎப் பாரம் கொடுக்க ஒப்பீசுக்குப் போன நாளில் பெரிய வரிசை. மேசையில் ஊதா மைப் பெட்டி. முன்னால் நின்ற பெண்கள் எல்லாம் பெருவிரலை ஒற்றிவிட்டுச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனார்கள். என் முறை வந்தது. பேனா கேட்டேன். கிளாக்கர் நிமிர்ந்து பார்த்தார். நெற்றி வேர்க்க, நாலு எழுத்தையும் போட்டு முடித்தேன்.

"அட" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு "அட"வைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பினேன். எனக்குப் பின்னால் பிலோமினா. முதலெழுத்து வைத்து, புள்ளி வைத்து, தகப்பன் பெயர், தன் பெயர் என்று சரசரவென்று ஒரே இழுவையில் எழுதினாள்.

"முத்து மாதிரி எழுத்தும்மா!" என்று அந்தக் கிளாக்கர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அன்று வீட்டுக்கு வந்து ரொட்டி சுடவில்லை.

மாடி வீடு வந்த கதை

தோட்டத்தை விட்டு வந்தபோது எனக்கிருந்த நிம்மதிகளில் ஒன்று, இனி பிலோமினாவைப் பார்க்க வேண்டியதில்லை என்பது. பல வருஷம் அப்படியே போயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சந்தில், என் வீட்டுக்கு நேர் எதிரே இருந்த வெறும் காணியில் கல்லும் மணலும் வந்து இறங்கின. யாருடையது என்று சந்துக்கு வெளியே ரோட்டு முடக்கில் கடை வைத்திருக்கிற பாரூக் நானாவிடம் கேட்டேன்.

"இத்தாலியில இருக்கிற ஒரு பொடியன்ட. தாய்க்குக் கட்டுறானாம். ஸ்பிரிங்வெளி ஆக்கள்தானாம், உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரிந்துவிட்டது.

மாடி வைத்துக் கட்டினார்கள். கீழே வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிட்டு மேலே அவள் இருக்கிறாள், தனியாக. மகனும் பேரப்பிள்ளைகளும் போனில்தான். பால் காய்ச்சிய அன்று எனக்குக் கேக் அனுப்பியிருந்தாள். நல்ல கேக். அதை நல்ல கேக் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

சந்துக்கு இரண்டாவது சோலைவரித் துண்டு வந்துவிட்டது. அதைச் சந்துப் பெண்கள் உணர்வதற்கு முன்னால் நான் உணர்ந்துவிட்டேன். ஒரு நாள் தண்ணீர்ப் பைப்படியில் நாலு பேர் நிற்கும்போது பிலோமினா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "பிள்ளைகட பாரம் ஏதும் நெரப்பணும்னா கொண்டாங்கடி, சும்மாதானே இருக்கேன்" என்று சொன்னாள்.

நெரப்பணும்னா! எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். அவளுக்கு முழுப் பாரமும் வரும்.

பெற்றோர் கூட்டத்தன்று நான் செய்தது

இந்த வருஷத் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பாரூக் நானா கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சனிக்கிழமை வகுப்பு, மாதிரி வினாத்தாள், வாசிப்புப் போட்டி, எல்லாம் லைப்ரரியில், எல்லாம் காசில்லாமல் சும்மா. லைப்ரரிப் பாரத்தைக் கூட்டத்திலேயே தருவார்களாம். கலாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவளுக்குப் பதிலாக நான் போனேன், பிளாஸ்டிக் உறையோடு.

பள்ளிக்கூடக் கேட்டடியில் பிலோமினா நிற்கிறாள். கையில் தோல் பை. பையின் வாயில் அவளுடைய துண்டின் ஓரம் தெரிகிறது. படிக்கிற பிள்ளையில்லாதவள் பள்ளிக்கூடத்துக்கு எதற்கு வந்தாள் என்று நினைத்தேன். நானும் பிள்ளையில்லாதவள்தான், அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

கூட்டம் கலைந்தது. பெண்கள் பாரத்தைப் பிடித்துக்கொண்டு, யாரிடம் கேட்பது என்று முழித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். செருப்புக்கடைக்காரர் மனைவி பிலோமினாவைப் பார்த்து நடந்தாள். நாலு எட்டுத்தான் பாக்கி.

"இங்க வாம்மா! இங்க வா! என் துண்டு கையிலேயே இருக்கு!"

என் சத்தத்துக்குக் கேட் வாட்சர்கூடத் திரும்பினார். அவள் தயங்கி என் பக்கம் வந்தாள். மதில் மேல் பாரத்தை வைத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்று பிளேன்டீயும் இல்லை, கண்ணாடியும் இல்லை, பின்பக்கமும் இல்லை. அடுத்தவளை நானே கையைப் பிடித்து இழுத்தேன். மூன்றாவதாக வந்தவள் எந்தத் தெரு என்றே எனக்குத் தெரியாது. அவள் பிள்ளையின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ரா, ச, ம், மா. போட்டேன்.

நிமிர்ந்து பார்த்தேன். பிலோமினா பையின் ஜிப்பை மூடிவிட்டு, தனியாக நடந்துபோய்க்கொண்டிருந்தாள்.

அந்தப் பின்னேரம் எனக்கிருந்த சந்தோஷத்தை என்ன சொல்ல! ஆட்டுக்கால் வாங்கி ரசம் வைத்தேன்.

அந்தச் சந்தோஷத்தில் தர்ஷினியின் பாரத்தை வாங்க மறந்தே போனேன். வகுப்பு டீச்சர் பிறகு பிள்ளையிடமே கொடுத்தனுப்பினார். கலா நிரப்பி, படம் ஒட்டி, "கையெழுத்து உங்க பொறுப்பும்மா" என்று என் கையில் தந்தாள். இப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

வெட்டவா?

மறுபடியும் கவுண்டர்.

"வேற ஆள் போடுறதுன்னா அவங்க துண்டோட நேர்ல வரணும்மா. அஞ்சு மணிக்குள்ள."

பாரூக் நானா தன் பேரப்பிள்ளைகள் மூவருக்கும் போட்டுவிட்டார். அது எனக்குத் தெரியும். அவரைத் தள்ளினால் எங்கள் பக்கத்தில் துண்டு வைத்திருப்பவர் ஒரே ஒருத்தி. அந்தப் பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்க்கக்கூட எனக்கு இஷ்டமில்லை.

"மகள், என் பேர்ல இருக்கிற மூணுல ஒண்ண வெட்ட ஏலாதா?"

மிஸ் ரெஜிஸ்டரைப் புரட்டினாள். "ஏலும். ஆனா மூணு பேருமே நாளைக்கு வகுப்புக்குப் பேர் குடுத்திருக்காங்க. வெட்டினா அந்தப் பிள்ளைக்கு இடம் போயிரும்." பிறகு பேனாவால் சிறுவர் பகுதியைக் காட்டினாள். "அந்தா, ஒரு பிள்ளை அங்கயே இருக்கு. வெட்டவா?"

யன்னலோரத்தில் ஒரு சின்னது. சிவப்பு ரிப்பன். விரலை வரிக்கு அடியில் ஓட்டிக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்து வாசித்துக்கொண்டிருந்தது. நான் வாசிக்கிற மாதிரியே.

"அது நிரோஷா, அம்மாச்சி" என்றாள் தர்ஷினி மெதுவாக. "என் கிளாஸ்ல, என் வாங்குலதான் இருக்கா."

வெட்டு என்று வாய் வரைக்கும் வந்தது. பொய் சொல்லமாட்டேன். நான் விட்டது நல்ல மனதினால் அல்ல. ராசம்மா போட்ட கையெழுத்தைத் திருப்பி வாங்கிவிட்டாள் என்று நாளைக்குப் பைப்படியில் பேச்சு வரும். அதற்குப் பிறகு ஒருத்தி என் வீட்டுக்குப் பாரம் கொண்டுவருவாளா?

"வேணாம்" என்றேன். தர்ஷினியை அந்தப் பிள்ளையோடு உட்காரச் சொல்லிவிட்டுக் குடையை விரித்தேன்.

பதினெட்டுப் படி

பிலோமினா வீட்டுக்குப் பதினெட்டுப் படி. இரண்டு வருஷமாக எதிரில் இருந்து எண்ணியிருக்கிறேன், அன்றுதான் ஏறினேன். அவள் சோபாவில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். போன் ஒரு பூச்சாடியில் சாய்ந்து நின்றது, யாரும் அதில் இல்லை.

"ஆத்தாடி! ராசம்மாவா? வழி தவறி வந்துட்டியா?"

"வழி தெரிஞ்சுதான் வந்தேன்."

"உக்காரு."

"உக்கார நேரமில்ல."

நின்றுகொண்டே பாரத்தை நீட்டினேன். வாய் திறந்து கேட்கவேண்டும் என்று அவள் காத்திருக்கிறாள் என்பது தெரிந்தது. கேட்டேன். தர்ஷினிக்கு என்று இரண்டு முறை சொன்னேன், எனக்காக இல்லை என்று அவளுக்கு விளங்கவேண்டுமே.

பிலோமினா கையைத் துடைத்துக்கொண்டு, நான் இத்தனை வருஷம் செய்த மாதிரியே பாரத்தின் முன்பக்கம் பார்த்தாள், பின்பக்கம் பார்த்தாள். வித்தியாசம் என்னவென்றால், அவள் வாசித்தாள். சத்தமாக.

"ஒருவர் மூன்று அங்கத்தவர்களுக்கு மேல் பொறுப்பாளியாக நிற்க முடியாது. நூல் தொலைந்தாலோ பழுதடைந்தாலோ பொறுப்பாளியே பதில் சொல்ல வேண்டும்." கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தாள். "இங்கதானே போட்டிருக்கு. பார்க்கலியா?"

"பொடி எழுத்து. அன்னிக்குக் கண்ணாடி கொண்டு போகல."

"அதுக்கு முந்தி எல்லாம்?"

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். மணி நாலே கால்.

"ஊருக்கே போடுவேன்னு கேட்டடியில நின்னியே, ராசு. மூணோட முடிஞ்சு போச்சா?"

"போடுறதுன்னா போடு. இல்லன்னா நான் போறேன்."

"போவியா? போய் என்ன செய்வ?" என்றாள். பிறகு எழும்பினாள். "இரு, சேலை மாத்திட்டு வர்றேன்."

சேலை மாற்றினாள். அது மட்டுமா? பவுடர் போட்டாள். கொண்டையைப் பிரித்துத் திரும்பக் கட்டினாள். தோல் பையில் துண்டு இருக்கிறதா என்று பார்த்தாள், மூடினாள், திரும்பவும் பார்த்தாள். நான் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுவரில் இத்தாலிப் பிள்ளைகளின் படம், பனியில் தொப்பி போட்டுக்கொண்டு. மணி நாலரை.

படி இறங்கும்போது அவளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. என் தோளைத்தான் பிடித்தாள். பதினெட்டுப் படியும் நான்தான் இறக்கினேன். மழைக்குக் குடையும் நான்தான் பிடித்தேன். அவள் நனையவில்லை. பாரூக் நானா கடைக்கு முன்னால் போகும்போது நானா கடலை அளக்கிற கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

"என்ன, ரெண்டு பேரும் ஒரே குடையில! எலெக்சன் ஏதும் வருதா?"

பிலோமினா சிரித்தாள். எனக்கு வரவில்லை.

முத்து மாதிரி

ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கவுண்டரில் நின்றோம். தர்ஷினி ஓடிவந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

மிஸ் துண்டைச் சரிபார்த்தாள். பிறகு பிலோமினாவிடம், "நல்ல வேளை வந்தீங்க. இந்த அம்மா பாவம், பின்னால இருக்கிறத வாசிக்காமலே போட்டுட்டாங்க போல" என்றாள்.

சுற்றிலும் ஏழெட்டுப் பேர். எல்லோரும் பிள்ளைகளைச் சேர்க்க வந்தவர்கள். தர்ஷினி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பிலோமினாவும் என்னைப் பார்த்தாள். ஐம்பது வருஷமாக அவள் என்னை வெல்லக் காத்திருந்தாளோ என்னவோ, வெல்வதற்கு ஒரு சொல் போதும். இவளுக்கு வாசிக்கத் தெரியாது மிஸ். அவ்வளவுதான்.

"இல்ல மிஸ்" என்றாள் பிலோமினா. "அவ வாசிக்கிறவதான். எண்ணிக்கையில தவறிட்டா."

பேனாவை வாங்கினாள். முதலெழுத்து, புள்ளி, தகப்பன் பெயர், தன் பெயர். ஒரே இழுவை.

"அழகான எழுத்து" என்றாள் மிஸ்.

எனக்கு அந்த நேரம் வந்த கோபம் வேறெப்போதும் வந்ததில்லை. அவள் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் நான் சாகும் வரைக்கும் நிம்மதியாக அவளை வெறுத்திருப்பேன். அதையும் கொடுக்காமல் விட்டுவிட்டாள்.

கார்ட் வந்தது. தர்ஷினி அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு துள்ளினாள். பிறகு பிலோமினாவின் கையைப் பிடித்து, "தேங்க்ஸ், அம்மாச்சி" என்றாள்.

அம்மாச்சி! என்னைக் கூப்பிடுகிற சொல். சந்தில் வேறு யாரையும் அவள் அப்படிக் கூப்பிட்டதில்லை.

சனிக்கிழமைகள்

வகுப்புக்கு நான்தான் கூட்டிப் போனேன், அதை விட்டுக்கொடுக்கவில்லை. மற்றத் தாய்மாரோடு லைப்ரரி விறாந்தையில் உட்கார்ந்திருப்பேன். உள்ளே டீச்சர் கேட்பதும் பிள்ளைகள் ஒன்றாகக் கத்துவதும் கேட்கும். முடிந்ததும் மாதிரி வினாத்தாளைச் சுருட்டிக்கொண்டு வருவாள்.

வீட்டுக்கு வந்ததும் சோறு தின்பாள். தின்ற கை காய்வதற்குள் எதிர் வீட்டுப் படி ஏறிவிடுவாள். வினாத்தாளில் விளங்காததையெல்லாம் பிலோமினா வாசித்துச் சொல்கிறாளாம். கலாவுக்குக் கடையால் வர இருட்டிவிடும், நான் என்ன செய்ய? மழையில்லாத நாளில் அந்த மாடி யன்னலிலிருந்து இரண்டு குரலும் கேட்கும். ஒன்று கணீரென்று. மற்றது அதைப் பார்த்துப் பார்த்துக் கணீரென்று ஆகிக்கொண்டிருக்கிறது.

சாப்பிட வா என்று கூப்பிடுவதற்கு நான் ஒரு நாளைக்கு மூன்று தரம் சாப்பாடு செய்தேன். ரொட்டி, சுண்டல், பாற்சோறு. வந்து தின்றுவிட்டுத் திரும்ப ஏறினாள்.

நான் லைப்ரரி மிஸ்ஸிடம் கிழமைக்குக் கிழமை கேட்டுக்கொண்டே இருந்தேன். என் மூன்றில் ஏதாவது காலியாகிவிட்டதா என்று. அவளுக்கே அலுத்துவிட்டது. இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை அவளே என்னைக் கூப்பிட்டாள். செருப்புக்கடைக்காரர் குடும்பத்தோடு மொனராகலைக்குப் போய்விட்டாராம். பிள்ளையின் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"இப்ப உங்க பேர்ல ஒரு இடம் இருக்கும்மா. தர்ஷினிய மாத்தணும்னா, இப்ப பொறுப்பு நிக்கிறவங்க விலகுறேன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்."

அந்தத் தாளை மடிக்காமல், கசங்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன். பதினெட்டுப் படியும் மூச்சு வாங்காமல் ஏறினேன்.

தர்ஷினி அங்கே இல்லை, எங்கள் வீட்டில் சோறு தின்றுகொண்டிருந்தாள். ஆனால் போன தரம் அவள் விட்டுப்போன கொப்பி மேசையில் விரிந்திருந்தது. பக்கத்தில் சீவிய பென்சில் இரண்டு. ஒரு கோப்பையில் பால். சின்னக் கோப்பை, பூப்போட்டது, புதிதாக வாங்கியது.

தாளை நீட்டினேன். பிலோமினா வாசித்தாள். இந்த முறை சத்தமாக இல்லை.

"போட மாட்டேன்."

"ஏன்டி? ஒனக்கெதுக்கு இந்தத் தொல்லை? முழங்கால் வேற வலிக்குதுங்கிற."

"வலி என் காலுக்கு. ஒனக்கென்ன?"

"அவ என் வீட்டுப் பிள்ளை, பிலோ."

"கார்ட்ல என் பேரு."

"நீ வேற மூணு பேருக்குப் போடேன். சந்து நெறையப் பிள்ளைக இருக்கு."

"யாரு வர்றா?" என்றாள். "நீ கேட்டடியில நின்னு எல்லாரையும் இழுத்துக்கிட்டதுக்குப் பொறகு என்கிட்ட யாரு வந்தா? ஒண்ணு வந்துச்சு. அதையும் கேக்குற."

"கார்ட்தானே கேக்குறேன். பிள்ளைய இல்லியே."

"ஒன்னைய எனக்குத் தெரியாதா ராசு? இன்னிக்கு கார்ட மாத்துவ. அடுத்த சனிக்கிழமை ரொட்டி, சுண்டல்னு கூப்பிட்டு வாசலோட நிப்பாட்டிருவ. பெறகு இந்தப் படியில யாரு ஏறுவா?"

சொல்லிக்கொண்டே அவள் கை மேசைக்குப் போயிற்று. தர்ஷினியின் கொப்பியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

அந்தக் கையை நான் பார்த்தேன். பெரட்டுக் களத்திலும், ஒப்பீசு மேசையிலும், லைப்ரரியிலும் நான் அந்தக் கையைப் பார்த்து எரிந்திருக்கிறேன். அந்தக் கை எதையாவது என்னிடமிருந்து மறைத்துப் பிடித்து நான் பார்த்ததில்லை. என்னிடம் மறைக்க வேண்டிய அளவுக்கு அவளுக்கு என்னைப் பற்றி ஒரு பயம் இருந்ததும் இல்லை. அன்றைக்கு இருந்தது.

தாளை வாங்கிக்கொண்டு படி இறங்கினேன். எங்கள் வாசலில் கலா நின்றாள், அன்று அரைநாள் லீவு.

"என்னம்மா, போட்டாங்களா?"

"போட மாட்டாளாம்."

"அப்ப எதுக்கும்மா இப்படிச் சிரிச்சிக்கிட்டு வர்றீங்க?"

உள்ளே போனேன். தர்ஷினி கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ரொட்டி இன்னும் நாலு சுட்டு, இரண்டை ஒரு தட்டில் வைத்து மூடி, "இத அங்க கொண்டு போ" என்றேன். "நான் குடுத்ததுன்னு சொல்லு. மறக்காமச் சொல்லு."